பதினேழு நாள் டிங்சர்

...பதினேழு என்று எழுதுவதா, ஆறு என்று எழுதுவதா, இல்லை எழுதவே எழுதாமல் இந்தக் காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் வைத்துவிட்டு, தபால்காரர் இன்றைக்கு நம் தெருப்பக்கமே வரவில்லை என்று சாதித்துவிடுவதா, சாதிக்க முடியாது, பக்கத்து வீட்டு எல்லம்மாள் பார்த்துவிட்டாள், அவளுக்குத் தெரியாமல் பே கோபுரத் தெருவில் ஒரு காக்காய்கூடக் கரைய முடியாது, "இன்னா ரேணு, வேலூர்லேர்ந்து லெட்டரா, கழுத்து விஷயமா?" என்று அவள் கேட்டது இந்நேரம் நாலு வீடு தாண்டியிருக்கும். மணி பன்னிரண்டு பத்து. அவர் ஒன்றரைக்குச் சாப்பிட வருவார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை, ஒன்றரை என்றால் ஒன்றரைதான், ஒன்று முப்பத்தொன்று கிடையாது. சாப்பிட்டுத் திரும்பும்போது பதிலைக் கையோடு கொண்டுபோய் இரண்டே கால் வேலூர் பஸ்ஸில் கண்டக்டர் தருமனிடம் கொடுத்தால்தான் நாளைக் காலையில் டாக்டரம்மா கைக்குப் போய்ச் சேரும். நாளைக்குப் பெரிய டாக்டர்கள் கூடி உட்கார்ந்து என் கழுத்தை என்ன செய்வது என்று முடிவு கட்டப் போகிறார்கள், தபாலில் போட்டால் அதற்குள் முடிவு ஆகிவிடும். ஆக எனக்கு இருப்பது ஒரு மணி இருபது நிமிஷம், ஒரு பேனா, வேலூர் ஆஸ்பத்திரியில் கடிதத்தோடு வைத்து அனுப்பிய நாலு கட்டம் போட்ட ஒரு காகிதம், அப்புறம் நிற்காமல் அடித்துக்கொள்ளும் இந்த நெஞ்சு.

திருமதி ரேணுகாம்பாள், கணவர் பெயர் சக்கரபாணி, வயது முப்பத்திரண்டு, என்று மேலே போட்டிருக்கிறது, நான்தான், சந்தேகமில்லை, வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று தப்பிக்க வழியில்லை. மாசி மாதம் உங்களுக்குக் குடிக்கக் கொடுத்த மருந்து ஆறு மாதமாகியும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்கிறது கடிதம். அதை நீங்கள் சொல்ல வேண்டுமா டாக்டரம்மா, என் உடம்பே சொல்கிறதே, வாய் ஓயாமல் தின்கிறேன், எண்பத்திரண்டு பவுண்டுக்கு மேல் ஏறவில்லை, ரவிக்கை மூன்று தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது, ஆவணி மழையிலும் எனக்கு மட்டும் சித்திரை வெயில், கண் முழியைப் பார்த்தால் என் பெண் பொன்னியே, "ஏம்மா மொறைக்கிற?" என்கிறாள். மறுபடி கடிதம், சுரப்பி எத்தனை பெரிது, எவ்வளவு மருந்தை இழுக்கிறது, முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டது, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் அளவு போட்டோம், அப்படியும் ஏன் கேட்கவில்லை என்று தெரிய வேண்டும்... கழுத்துச் சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்ளும் குணமுடையது, நாங்கள் கொடுத்ததும் அயோடின்தான், கதிர் வீசும் அயோடின், சுரப்பி ஏற்கனவே வேறு அயோடினால் நிறைந்திருந்தால் நாங்கள் கொடுத்ததை ஏற்காது. வயிறு முட்டத் தின்ற பிள்ளை சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதுதானே சொல்ல வருகிறீர்கள், புரிகிறது. ஆகவே மருந்து குடித்த நாளுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் உபயோகித்தது அனைத்தையும் எழுதவும், சளி மருந்து, டானிக், காயத்துக்கு மேலே தடவும் டிங்சர் அயோடின் உட்பட... உட்பட. அந்த ஒரு வார்த்தையில்தான் மாவுச்சட்டி பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரணம் தெரிந்தால் கொஞ்ச நாள் பொறுத்து இரண்டாம் முறை குடிக்கக் கொடுப்பார்களாம். காரணம் ஒன்றும் இல்லையென்றால் சுரப்பி மருந்துக்கு அடங்காத சுரப்பி, ஆபரேஷன்தான் என்று கடைசி வரியில் இருக்கிறது.

மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்கிறேன், நர்ஸ் சொல்லிக்கொடுத்தது, பெண்டுலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ண வேண்டும், நூற்றுப் பதினெட்டு. கடிதம் வருமுன் எண்ணியிருந்தால்? தெரியாது. இது பயத்தால் வந்த துடிப்பா, சுரப்பியால் வந்த துடிப்பா? காரணமில்லாமல் பதறும், அழுகை வரும், யாரையாவது பிராண்டத் தோன்றும், அதெல்லாம் நோய்தான், நீங்கள் இல்லை என்று டாக்டரம்மா அன்று ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அழுவது நோய், கோபப்படுவது நோய், விடியுமுன் எழுந்து பாத்திரமெல்லாம் தேய்த்துத் தேய்த்து வைப்பது நோய் என்றால், மிச்சம் நான் எங்கே இருக்கிறேன், எண்பத்திரண்டு பவுண்டில் எத்தனை பவுண்டு நான்? தை மாதம் மலை சுற்றப் போனேனே, அது நானா நோயா? உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, கால் இரண்டும் எங்காவது போ போ என்கிறது, சரி, போவதுதான் போகிறோம், அண்ணாமலையானைச் சுற்றித்தான் போவோமே, மருந்து பலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போவோமே என்று... பாருங்கள், மருந்து பலிக்கட்டும் என்று. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது இதை.

மாடி ஏறக் கூடாது, வெயிலில் நடக்கக் கூடாது என்று மார்கழியிலேயே சொல்லியிருந்தார்கள். மார்கழியில்தான் முதல் சோதனை, கழுத்துக்கு நேரே ஒரு குழாயை நிறுத்தி டிக்டிக் என்று எண்ணினார்கள், நன்றாக இழுக்கிறது, இதற்குத் தக்கபடி அளவு போடலாம், மருந்து பம்பாயிலிருந்து வர வேண்டும், மாசியில் வாருங்கள் என்று அனுப்பினார்கள். அந்த நடு இடைவெளியில்தான் தை பௌர்ணமி. பொன்னியைப் போளூரில் என் அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம், மருந்து குடித்த பிறகு பிள்ளையை ஒட்ட வைத்துக்கொள்ளக் கூடாது என்றதால் முன்னாடியே பள்ளிக்கூடமும் மாற்றியாகிவிட்டது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று அவரிடம் கேட்கவில்லை, அவர் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் எல்லம்மாளோடு நானும் கிளம்பினேன், வெறுங்கால். செங்கம் ரோடு, ஆசிரமம், அங்கே திரும்பிக் காட்டுப் பக்கம், அதுவரை ஒன்றுமில்லை, அடி அண்ணாமலை தாண்டியதும் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தான் பாவி, ரோடு போடுகிறானாம், பௌர்ணமிக்கு இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா, ஒவ்வொரு கல்லும் ஊசி. எல்லம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் பாதம் எருமைக் குளம்பு. எனக்கு இரண்டு உள்ளங்காலும் கிழிந்து, வலது குதிகாலில் கண்ணாடிச் சில்லு வேறு ஏறி, வீட்டு வாசலுக்கு வரும்போது படியெல்லாம் ரத்தம்.

ஒன்றரைக்கு வந்தவர் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் திட்டுக்குத் தயாராகி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன், அவர் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வதற்கு. அவரோ பித்தளை அண்டாவிலிருந்து வெந்நீர் எடுத்தார், தாம்பாளத்தை என் காலடியில் வைத்தார், உட்கார்ந்தார். என்னங்க இது, பாவம்ங்க, விடுங்க என்று காலை இழுத்தேன், குதிகாலைப் பிடித்து நிறுத்திக்கொண்டார், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. சாயந்திரம் பஸ் கம்பெனியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து டிங்சர் பாட்டிலைக் கொண்டுவந்தார், கோழி இறகு ஒன்றை எங்கேயோ பொறுக்கிக் கழுவி வைத்திருந்தார், அதில் தோய்த்துத் தோய்த்துப் போட்டார், உயிர் போயிற்று, "எரியுதா?" என்றார், "எரியுது" என்றேன், குனிந்து ஊதினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டது ஒரே ஒரு தரம், மணவறையில், அம்மியில் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட, அன்றும் ஐயர் அவசரப்படுத்த, விரலைத் தேடிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவரிடம் பேச்சு என்றால் மணி பேச்சுதான், ஆறே கால் வந்துட்டுது, எட்டு நாற்பது லேட்டு. அப்படிப்பட்ட மனுஷர் தினம் சாயந்திரம் விளக்கு ஏற்றினதும் டிங்சர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்? முதலில் காயத்துக்கு மட்டும் போட்டார். பிறகு காயத்தைச் சுற்றி. பிறகு இங்கேயும் இருக்கட்டும், கல் பட்டிருக்கும் என்று உள்ளங்கால் முழுக்க, விரலிடுக்கு, கணுக்கால் வரைக்கும், மருதாணி இட்டாற்போலச் சிவந்து கிடந்தது என் கால். அந்த நேரத்தில்தான் பேசினார், அவர் சின்ன வயதில் ஜவ்வாது மலையில் வழி தவறின கதை, லாரி வேலைக்குப் போக ஆசைப்பட்டது, எனக்குத் தெரியவே தெரியாது, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்டும் தெரியாது.

எரியுதா? எரியுது. ஆறாம் நாளே எரியவில்லை. ஆறாம் நாள் காலையில் குதிகாலைத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று மூடியிருந்தது, தோல் மட்டும் கொஞ்சம் இழுத்தது. சாயந்திரம் பாட்டிலோடு வந்தார், "எரியுதா?" என்றார், நான் வாயைத் திறந்து... எரியுதுங்க என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுகூடக் காட்டினேன், எனக்கு நாடகம் நன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. ஏழாம் நாளும் எரிந்தது, பத்தாம் நாளும், பதினைந்தாம் நாளும். வேலூருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயந்திரம் பாட்டிலின் அடிமட்டம் வரை வழித்துப் போட்டார். மறுநாள் அங்கே கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், உறிஞ்சு குழாய் வைத்து, ருசியும் இல்லை மணமும் இல்லை, இதற்கா பம்பாயிலிருந்து இத்தனை நாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் கழுத்தில் எண்ணிப் பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்கள், மார்கழியில் இருந்ததைவிடக் கம்மியாக இருக்கிறதே, நடுவில் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா, சளி மருந்து, டானிக்? சத்தியமாக இல்லைங்க டாக்டரம்மா, ஒரு கஷாயம்கூடக் குடிக்கலை என்றேன். பொய்யா சொன்னேன், குடித்தால்தானே மருந்து, காலில் போட்டதைப் போய் யாராவது கழுத்துக்காரரிடம் சொல்வார்களா? புடவைக் கரைக்குள்ளே சிவந்த பாதம் இரண்டையும் ஏன் இழுத்துக்கொண்டேன் அப்போது, மலை சுற்றினது தெரிந்தால் திட்டுவார்கள் என்றுதானே? அது மட்டும்தானா?

பன்னிரண்டு ஐம்பது. ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. ஆறு என்று எழுதினால் என்ன ஆகும், அந்தக் கட்டத்தில் கடைசியாக உபயோகித்த தேதி என்று வேறு கேட்கிறார்கள், ஆறு நாள், தை மாதத்தோடு சரி என்றால், ஓகோ, அது எப்போதோ வடிந்திருக்கும், காரணம் அதில்லை என்று நாளைக்குக் கத்தியைத் தீட்டுவார்கள். பூக்காரத் தங்கம்மாள் மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டணத்தில் கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தாள், உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் திருமஞ்சன கோபுரத்தடியில் உட்கார்ந்து சன்னதித் தெருவரை கேட்கிற மாதிரிக் கூவுவாளே, இப்போது முழம் என்ன விலை என்று கேட்டால் விரலைக் காட்டுகிறாள், வாயிலிருந்து காற்றுதான் வருகிறது. எல்லாருக்கும் அப்படி ஆகாது என்கிறார்கள். எனக்கு ஆகாது என்று யாரால் எழுதிக் கொடுக்க முடியும்? எனக்கு இருக்கிறதே இந்த வாய் ஒன்றுதான். ஆகவே பதினேழு. பதினேழு என்று எழுதி, கடைசித் தேதியையும் எழுதினால், கண்டுபிடித்துவிட்டோம், டிங்சர்தான் எமன் என்று டாக்டரம்மா சந்தோஷப்படுவார்கள், இன்னொரு டம்ளர் கொடுப்பார்கள், என் கழுத்து முழுசாக இருக்கும். ஆனால் இந்தக் காகிதத்தைக் கொண்டுபோகப் போகிறவர் யார், படிக்காமலா கொண்டுபோவார், எள்ளு மிட்டாய் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற மனுஷர். இவர் ஒரு தரம் ஐந்து ஐம்பதை ஐந்து பதினைந்து என்று தப்பாக எழுதி, ஒரு டிரைவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விட்டது, அதற்கு இவர் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. பெண்டாட்டிக்கு ஊற்றின மருந்தைத் தன் கையாலேயே கெடுத்தோம் என்று தெரிந்தால்? தொடுவாரா இனி? மாசிக்கு அப்புறமே தொடவில்லை, அது வேறு, பக்கத்தில் வரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன கெடு முடிந்தும் பழையபடி மணி பேச்சுதான், வந்துட்டுது, போயிட்டுது, லேட்டு. பொன்னியும் வந்துவிட்டாள். ஆனாலும் அந்தக் காலி பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை, பரண்மேல் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. அவர் கை போட்டதால் கெட்டது என்று எழுதப் போகிறேனா, ஆறாம் நாளிலிருந்து பொய்யாக எரிந்த என் கால் கெடுத்தது என்று எழுதப் போகிறேனா? பன்னிரண்டு நாள் நடித்தேனே, அதற்கு இந்தக் காகிதத்தில் கட்டம் எங்கே?

எழுதிவிட்டேன். மருந்தின் பெயர், டிங்சர் அயோடின். எத்தனை நாள், பதினேழு. கடைசித் தேதி, அதுவும். நாலாவது கட்டம் எதற்காக என்று கேட்கிறது. புண்ணுக்கு என்று எழுதப் பேனாவை வைத்தேன், பு போடவும் கை வரவில்லை, ஆறு நாள்தானே புண், மிச்சத்துக்கு என்ன பெயர்... மை ஒரு சொட்டு விழுந்தது, ஒற்றி எடுத்தேன், அதற்குள் செருப்புச் சத்தம். ஒன்றரை. "லெட்டர் வந்துச்சாமே" என்றார், எல்லம்மாள் வாழ்க. சோற்றைப் போட்டேன், அவர் சோற்றைத் தொடாமல் கடிதத்தை வாங்கிப் படித்தார், ஒரு தரம், பிறகு விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தரம், விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது, எந்த வரி என்று எனக்குத் தெரியும். "கால்ல போட்டது கழுத்துக்கு எப்படிப் போவும்?" என்றார். "போவுமாங்க, அதான் எழுதிருக்காங்களே." ரசம் ஆறிக்கொண்டிருந்தது. "அப்ப நான்தான்..." என்றார், வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், வேறு யாருடைய கையோ போல. எனக்குத் தாங்கவில்லை. "நான்தாங்க காலை நீட்டினேன்" என்றேன், சத்தமாக, எல்லம்மாளுக்குக் கேட்டாலும் கேட்கட்டும். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்தார். பதினேழைப் பார்த்தார். "ஆறாம் நாளே ஆறிடுச்சு" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. "தெரியுமா உங்களுக்கு?" என்றேன். "கண்ணு இருக்குதில்ல" என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

அப்படியானால் எரியுதா எரியுதா என்று தினமும் கேட்டது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினதும் குனிந்து ஊதினது... கேட்க வாய் வரவில்லை, இத்தனை பெரிய வாய், வரவில்லை. "இது காலியா இருக்குது" என்று நாலாவது கட்டத்தைக் காட்டினார். "எனக்கு எழுத வரலிங்க" என்றேன். சட்டைப்பையிலிருந்து கம்பெனிப் பேனாவை எடுத்தார், காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்துக் குனிந்து, என் பக்கம் தோளைத் திருப்பிக்கொண்டு எழுதினார். ஒரு வார்த்தைக்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி ஆனது. நிறுத்தினார், மறுபடி எழுதினாரா, அடித்தாரா, தோள் மறைத்தது. ஊதினார், மடித்தார், உறையில் போட்டு நாக்கில் நனைத்து ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். "இன்னா எழுதினீங்க?" என்றேன். "நேரம் ஆச்சு" என்றார். சோறு அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு நிமிஷம் நின்றார், என் காலைப் பார்த்தாரோ என்று தோன்றியது, தெரியவில்லை, நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், போய்விட்டார்.

மணி இரண்டே கால் ஆகிவிட்டது, தருமன் கையில் போயிருக்கும், போளூர் ரோட்டில் ஏறியிருக்கும், நாளைக் காலையில் டாக்டரம்மா பிரித்துப் படிப்பார்கள், என் புருஷன் எனக்காக எழுதினதை எனக்கு முன்னால் அவர்கள் படிப்பார்கள், படித்துவிட்டுச் சிரிப்பார்களா, ஒன்றும் தோன்றாமல் அடுத்த காகிதத்தை எடுப்பார்களா... பதினேழு என்று எழுதியாகிவிட்டது, காரணம் கிடைத்துவிட்டது, இனிமேல் கத்தி இருக்காது, அநேகமாக இருக்காது, நான் இப்போது நிம்மதியாக இரண்டு கவளம் சாப்பிட வேண்டியதுதானே, ஏன் விரல் மணிக்கட்டிலேயே இருக்கிறது, எண்ணக்கூட இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன். புண் என்று எழுதியிருப்பார், வேறென்ன எழுதுவார், டைம் கீப்பர், உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர், இரண்டு எழுத்து. இரண்டு எழுத்துக்கு அத்தனை நேரமா? கையெழுத்தை நிறுத்தி நிறுத்தி எழுதுகிற வழக்கம் அவருக்கு, அதனால் இருக்கும். இல்லை, தோளை ஏன் திருப்பிக்கொண்டார்? காலையிலிருந்து கழுத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன், கழுத்து எங்கேயோ போய்விட்டது, அந்தக் கட்டத்தில் வெறும் புண் என்று மட்டும் இருந்துவிடக் கூடாதே என்றுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.